போன் சிஸ்டர்

“இது காலா, சாம்பார்ச் சட்டியா? எதுக்குய்யா இவ்வளவு மஞ்சத்தூளைக் கொட்டி வச்சிருக்கீங்க?”

செவிலியர் இசைவாணி போட்ட சத்தத்தில், மாத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பழகியவர்கள் உடனே திரும்பிக்கொண்டார்கள். அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிக்கடி உருளும் சட்டிதான் அது.

அழகுமலை காலை நீட்டியபடி தலையைக் குனிந்துகொண்டார். முந்திரிக்கொல்லையில் குச்சி குத்திய கால். சர்க்கரை வேறு. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வர வேண்டியவர், போன வாரம் முழுக்க இந்தப் பக்கமே வரவில்லை.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெரலையே எடுத்திருக்கணும். தெரியுமா?”

“தெரியும் சிஸ்டர். போன் சிஸ்டர் சொன்னாங்க. அதான்…”

“அது யாரு போன் சிஸ்டர்?”

“வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டுப் போன்ல வருவாங்கல்ல, அவங்கதான். நேத்து அவங்ககிட்டக் கேட்டேன். அவங்க என்ன சொன்னாங்கன்னா…”

“ஒண்ணும் சொல்ல வேணாம். கால அசைக்காம இருங்க!”

கை மட்டும் மெதுவாகத்தான் கட்டியது. வாய்தான் நிற்கவில்லை.

மருந்து கொடுக்கும் முத்துராஜ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“அந்தச் சரண்யாதானே சிஸ்டர்? கந்தர்வக்கோட்டைக் கடைவீதியில தையக்கடை வச்சிருக்கே, அந்தப் பொண்ணு. எங்க வீட்டுல கூட அந்த வீடியோவெல்லாம் பாப்பாங்க.”

“தையக்காரியா! நாம படிச்சுப் பாஸ் பண்ணி இங்க கெடந்து அல்லாடுறோம். அவ ஒக்காந்த எடத்துல நர்ஸாயிட்டாளா?”

“நீங்க பாத்ததே இல்லையா? இந்தாங்க, ஒண்ணே ஒண்ணு பாருங்க.”

“அத வேற நான் பாக்கணுமா? சாயங்காலம் நேர்லயே போறேன். ரெண்டு கேட்டுட்டு, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுத்தான் மறுவேலை.”

சொன்னபடியே, வேலை முடிந்ததும் இசைவாணியின் ஸ்கூட்டி தையல் கடை வாசலில் போய் நின்றது.

உள்ளே வரிசையாக வெள்ளைக் கோட்டுகள் தொங்கின. துணி வெட்டிக்கொண்டிருந்த சரண்யா எழுந்தாள்.

“வாங்க சிஸ்டர், ஒக்காருங்க! கோட்டுத் தைக்கணுமா?”

“கோட்டக் கழட்ட வந்திருக்கேன். நீ எந்தக் காலேஜுல நர்ஸிங் படிச்ச?”

“படிக்கலையே சிஸ்டர்.”

“அப்புறம் யாரக் கேட்டு ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்ற?”

சரண்யா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

“ஒரு நர்ஸிங் காலேஜுல கோட்டு ஆர்டர் குடுத்தாங்க. நானே ஒண்ணப் போட்டுக்கிட்டு, ‘எல்லாவிதத் தையலும் போட்டுத் தரப்படும்’னு விளம்பரமா ஒரு வீடியோ போட்டேன். ‘பிரசவத் தையல் எப்ப ஆறும் சிஸ்டர்?’னு ஒரு அக்கா கேட்டுச்சு.”

“‘நான் துணி தைக்கிறவ’ன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேனே! ‘அப்ப ஒங்ககிட்டயே வந்து தையலப் பிரிச்சுக்கலாமா?’ங்குது.”

இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகுமலையின் கால் நினைவுக்கு வந்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

“இது சிரிக்கிற விஷயமில்ல. அழகுமலைன்னு ஒருத்தர், ஒன் பேச்சக் கேட்டு வீட்டுலயே கெடந்திருக்காரு. காலே போயிருக்கும்.”

“முந்திரிக்கொல்லைக்காரரா? அவரு நேத்துத்தான் சிஸ்டர் கேட்டாரு. ‘ஆஸ்பத்திரிக்குப் போனா அந்தம்மா திட்டும், வீட்டுலயே கட்டுப் போடச் சொல்லிக் குடுங்க’ன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். ‘காலையில மொத ஆளாப் போயி அந்தம்மாகிட்டயே காட்டுங்க, அவங்க கட்டுனா ஆறிரும்’னேன். வரலையா?”

காலையில் அழகுமலை முடிக்காமல் விட்ட பேச்சு, இசைவாணிக்கு இப்போதுதான் முடிந்தது.

“சரி… போன்ல என்னதான் சொல்ற? போடு, பாப்போம்.”

சரண்யா செல்போனை நீட்டினாள். வெள்ளைக் கோட்டு பேசியது.

“புண்ணுல மஞ்சத்தூள் போடாதீங்கண்ணே, காப்பித்தூளும் வேணாம். கட்ட நனைக்காதீங்க. செருப்பில்லாம கொல்லைக்குப் போகாதீங்க. சக்கரை மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. பயப்படாம ஆஸ்பத்திரிக்குப் போங்க, சரியாயிரும்.”

இசைவாணி நிமிர்ந்தாள்.

“ஏய், இது நான் சொல்றதாச்சே!”

“ஆமா சிஸ்டர். போன வருசம் எங்க மாமியார் காலுக்கு நீங்கதானே கட்டுப் போட்டீங்க? அப்ப ஒங்க பெஞ்சுல ஒக்காந்து கேட்டதத்தான், கேக்குறவங்களுக்கெல்லாம் வீடியோவாப் போடுறேன். அவங்க இப்ப சந்தைக்கே நடந்து போறாங்க. எனக்குத் தெரியாதத யாராச்சும் கேட்டா, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லிருவேன்.”

இசைவாணி தொங்கிய கோட்டுகளைக் கை காட்டினாள்.

“இனிமே இந்தக் கோட்டோட வராத. புடவையில வா. ‘நான் நர்ஸ் இல்ல, துணி தைக்கிறவ’ன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் பேசு.”

“சரி சிஸ்டர்.”

வாசல் வரை போனவள் திரும்பினாள். செவிலியருக்கே உரிய சந்தேகம்.

“ஆமா, நான் சொன்னதுல எதையும் விட்றலையே?”

சரண்யா கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

“அளவெல்லாம் அப்படியே ஒங்களோடதுதான் சிஸ்டர். அந்தச் சாம்பார்ச் சட்டிய மட்டும் கத்தரிச்சுட்டேன்.”