நாம

பிரிந்த பிறகு வனஜாவும் செழியனும் ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து மகளின் கோடை விடுமுறையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இனியா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று எந்த நிறம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“மே பாதி வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். போனைக் குடுத்து உக்கார வச்சிடாதீங்க. நீச்சல் கத்துக்கட்டும்.”

“பக்கெட் தண்ணியைப் பாத்தாலே அலறுவா, உன்னை மாதிரியே.”

வனஜா அதைக் காதில் வாங்கவில்லை. “அதுக்கப்புறம் நாம ஏற்காடு போறோம்.”

செழியன் தலை நிமிர்ந்தான். இத்தனை நாளும் அவள் ‘நாங்க’ என்றுதான் சொல்லிவந்தாள். அவளும் மகளும் மட்டும். அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்க அவனும் பழகியிருந்தான். ‘நாம’ என்றால் கேட்டுக்கொண்டிருப்பவனும் சேர்த்தி. வாய் தவறியிருக்கும். அவள் திருத்தட்டும் என்று காத்திருந்தான்; திருத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அதற்குள் இனியா கோனோடு வந்துவிட்டாள். “நாமன்னா? அப்பாவுமா?”

வனஜா டிஷ்யூவை எடுத்து மகளின் வாயைத் துடைத்தாள். இனியா இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

வனஜாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செழியன் சொன்னான்: “அப்பாவுக்கு லீவு கிடைக்காதுடா கண்ணு.”

“கேட்டே பாக்காம கிடைக்காதுன்னு சொல்ற பழக்கம் இன்னும் போகலையா உங்களுக்கு?” என்றாள் வனஜா.