மத்தியான விமானம்

மதுரை விமான நிலைய வேலியோரம் பந்தல் நிரம்பி வழிந்தது. சத்தம் அளவை மீறினால்தான் ஊருக்கு மேலே பறக்கும் விமானங்களை வேறு வழியில் திருப்புவார்கள். அதை அளக்க வந்த அதிகாரி தமிழ்ச்செல்வியை, ஊர்த்தலைவர் ஜெயபாண்டி வேட்டுப் போட்டு, கொட்டடித்து வரவேற்றார்.

“இந்தச் சின்ன மெஷினா எங்க கஷ்டத்தை அளக்கப்போகுது?” என்று இளக்காரமாகக் கேட்டுவிட்டு மைக்கைப் பிடித்தார். நாலு மூலையிலும் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்கள் அலறின.

“காது சவ்வு கிழியுதுய்யா! கைக்குழந்தை தூங்க மாட்டேங்குது! இப்ப மெட்ராஸ் ப்ளேன் வரும். எம்புட்டுச் சத்தம்னு அம்மாவே கேக்கட்டும்!”

விமானம் வரும்வரை விடுவதில்லை என்று பேசினார். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

“பாத்தீகளா பித்தலாட்டத்தை! அளக்க வாராகன்னு ப்ளேனையே நிப்பாட்டிட்டாய்ங்க!”

கூட்டம் கைதட்டியது.

தமிழ்ச்செல்வி காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, வேலிக்கு அப்பால் கைகாட்டினார். அங்கே சென்னை விமானத்திலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

“நீங்க பேசுறப்பவே உங்க தலைக்கு மேலதாண்ணே போச்சு. உங்களுக்கும் கேக்கல, மெஷினுக்கும் கேக்கல.”