இரண்டு சர்வர், ஒரு பெட்டி

“இன்னைக்கு ஒருத்தனச் சாவடிக்கப் போறேன், அண்ணாச்சி” என்றேன்.

அரிசி மில் முதலாளி தாவூது அண்ணாச்சி பதறவில்லை. சாகப்போவது ஆள் இல்லை, தீபாவளிக்கு நான் மாட்டிக்கொடுத்த சர்வர் என்பது அவருக்குத் தெரியும். பதறியது பக்கத்தில் நின்ற மேனேஜர் ராமசுப்புதான்.

“தம்பி, அதுல ஒரு விசயம்…” என்று ஆரம்பித்தார்.

“பொறவு சொல்லுங்கண்ணே” என்று கையமர்த்தினேன். வண்ணார்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனுக்கு நாலு பேர் காது கொடுத்துக் கேட்பது அபூர்வம். கிடைத்த மேடையை நான் விடுவேனா?

போன வருஷ அறுவடை வரைக்கும் இந்த அம்பாசமுத்திரம் மில்லில் ஒரே ஒரு சர்வர்தான். அது படுத்ததும் எடைமேடை நின்றுபோய், நெல் லாரிகள் பஸ் ஸ்டாண்டு வரை வரிசை கட்டின. ஊரே அண்ணாச்சியைத் திட்டியது. அண்ணாச்சி என்னைத் திட்டினார். அதற்குப் பிறகுதான் இரண்டு சர்வர் வைத்தேன்.

இப்போது அண்ணாச்சியின் மருமகன் அனஸ் லீவில் வந்திருந்தார். துபாயில் இதே வேலை பார்க்கிறவர். என் கைவேலையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு சர்வர் சேந்து ஓடணும்னா ஆளுயரத்துக்கு ஸ்டோரேஜ் வேணும், அதுக்குன்னு தனி கேபிள் வேணும். நீங்க என்ன, செருப்பு டப்பா மாதிரி ஒண்ண வச்சிருக்கீய?”

அந்தச் செருப்பு டப்பாதான் என் பெருமை. எடைச்சீட்டு விவரம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. சாதாரண நெட்வொர்க் வயர் வழியாக இரண்டு சர்வரும் அதையே பார்க்கும்.

“கல்யாண வீட்டுல ரெண்டு சமையக்காரரு, ஒரே உக்கிராணம்னு வச்சுக்கிடுங்க” என்றேன். “ஒருத்தரு மயங்கி விழுந்தா அடுத்தவரு கரண்டிய எடுத்துக்கிடுவாரு. சாமான்லாம் உக்கிராணத்துலதான இருக்கு?”

தீபாவளிக்கு மாட்டியபோது ராமசுப்புவிடமும் இதையேதான் சொன்னேன். அன்றைக்கு அதை வாய் பிளந்து கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அனஸ் மசியவில்லை. “கதை நல்லாத்தான் இருக்கு. செஞ்சு காட்டுங்க. இல்லன்னா மெட்ராஸ் கம்பெனிய வரச் சொல்லிருதேன், மாமா.”

அண்ணாச்சிக்குத் தென்காசிப் பக்கம் இன்னும் இரண்டு மில் உண்டு. அந்த வேலையும் எனக்குத்தான் என்று வீட்டில் மனைவி ப்ரீதாவிடம் சொல்லியாகிவிட்டது. சொன்னதோடு நின்றேனா, கடைக்குப் புது போர்டு வைக்க அளவும் எடுத்தாகிவிட்டது. இது சொதப்பினால் மூன்று மில்லும் போய், பழையபடி பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது.

“ஒண்ணாம் நம்பரப் புடுங்குனா ஸ்கிரீன் அரை நிமிசம் திணறும். பொறவு ரெண்டாம் நம்பரு பாத்துக்கிடும்” என்று அறிவித்தேன்.

வெளியே பிசானப் பருவ நெல்லோடு பதினேழு லாரிகள் நின்றன. உமித்தூசிக்குப் பயந்து ராமசுப்பு இரண்டு சர்வரையும் பழைய வேட்டியால் போர்த்தி வைத்திருந்தார். நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, திருச்செந்தூர் முருகனுக்கு ஒரு மொட்டையும் நேர்ந்துகொண்டு, ஒன்றாம் நம்பர் பிளக்கைப் பிடுங்கினேன்.

ஸ்கிரீன் திணறவே இல்லை. ஒரு லாரிக்குச் சீட்டு வந்தது, அடுத்த லாரிக்கும் வந்தது. அரை நிமிடம் எங்கே, அரை நொடிகூட நிற்கவில்லை. எனக்கே தெரியாமல் என் திறமை இவ்வளவு வளர்ந்துவிட்டதே என்று கண் கலங்கிவிட்டது. மொட்டை நேர்ந்திருக்க வேண்டாமோ என்றுகூடத் தோன்றியது.

“எங்க ஆபீஸ்லயே இருவது செகண்டு ஆவும்…” என்றார் அனஸ். குரலில் மரியாதை வந்திருந்தது.

“செட்டிங்ல கொஞ்சம் கைவச்சிருக்கேன்” என்றேன் அடக்கமாக. எந்த செட்டிங் என்று அவர் கேட்காதது என் நல்ல நேரம்.

“தம்பி, நான் என்ன சொல்லுதேன்னா…” ராமசுப்பு மறுபடியும் குறுக்கே வந்தார்.

“அண்ணே, மொதல்ல எல்லாருக்கும் டீ சொல்லுங்க.”

அண்ணாச்சி என் தோளைத் தட்டினார். “மத்த ரெண்டு மில்லும் ஒம்ம பொறுப்புதாம்வே, ஜெயராமு.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டு கிளம்பியிருந்தால் இன்றைக்கு நானும் ஒரு பெரிய மனிதன். ஒன்றாம் நம்பர் பிளக்கைத் திரும்ப மாட்டினேன். டீ குடித்து முடித்ததும், யாரும் கேட்காமல் நானாகவே எழுந்தேன்.

“இப்போ ரெண்டாம் நம்பரையும் சாவடிச்சுக் காட்டுதேன். ஒண்ணாம் நம்பரு எப்படித் தாங்குதுன்னு மட்டும் பாருங்க.”

குனிந்து பிளக்கில் கைவைத்தேன். ராமசுப்பு டீ கிளாசைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி! லாரி பூராவும் நின்னுரும்!”

“ஏண்ணே? அதான் ஒண்ணாம் நம்பரு ஓடுதே?”

“ரெண்டுல எது இருந்தாலும் போதும்னு நீங்கதான சொன்னீய? கரண்டு வீணாப் போவுதேன்னு ஒண்ணாம் நம்பர நான் பொங்கலுக்கு முந்தியே அமத்திட்டேனே!”