வெள்ளைச் சால்வை

நோயில் படுத்திருந்த மலைச்சாமி மேல் ஆஷ்லின் போர்த்திய சால்வையை அவர் மனைவி ராமக்காள் பிடுங்கி வாசலில் எறிந்தாள். நலம் விசாரிக்கப் போயிருந்த ஆபீஸ்காரர்கள் எல்லோரும் விக்கித்துப் போனார்கள்.

கடையில் வாங்கிய சால்வை என்றால்கூடப் போகட்டும். அது ஆஷ்லின் தன் கையால் பின்னியது.

திருமங்கலத்தில் ஓர் ஆபீஸில் அவள் கிளார்க். மலைச்சாமி அங்கே அட்டெண்டர். மதியச் சாப்பாடு முடிந்தால் மற்றவர்கள் செல்போனைத் தடவுவார்கள். இவள் ஊசியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்துவிடுவாள். இந்த வெயிலில் கம்பளியா, ஆட்டுக்குப் போர்த்தவா என்று கிண்டலடிக்காத ஆள் இல்லை. பக்கத்து மேஜை ஜெரால்ட் இதையே தினம் ஒரு தினுசாகக் கேட்பான்.

மலைச்சாமி மட்டும் டீயை வைத்துவிட்டு, ஊசி போய் வருகிற அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "எனக்கும் ஒண்ணு பின்னிக் குடுங்கம்மா" என்று ஒருநாள் கேட்டார். அவளிடம் சால்வை கேட்ட ஒரே மனுஷன் அவர்தான்.

அப்புறம் அவருக்குக் கிட்னி கெட்டு, எழுமலையில் வீட்டோடு படுத்துவிட்டார். சித்திரை வெயிலிலும் நடுங்குகிறார் என்று கேள்விப்பட்டதும் ஆஷ்லினுக்கு மனசு தாங்கவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே நல்ல நூலாக எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். ஊட்டியில் வாங்கிப் பத்திரமாக வைத்திருந்த அசல் கம்பளி. பால் வெள்ளை.

அந்த வெள்ளைதான் வினையாகிவிட்டது.

ஆஷ்லினுக்கு வெள்ளை என்றால் ஞானஸ்நானம், கல்யாணம். ஆனால் படுத்திருக்கிறவர் மேல் தண்ணீர் படாத புது வெள்ளைத் துணியைப் போர்த்தினால், அந்த ஊரில் அதற்கு அர்த்தம் வேறு. செத்தவருக்குப் போடுகிற கோடி அது. உயிரோடு இருப்பவருக்கு என்றால் ஒரு மூலையில் துளி மஞ்சளாவது தடவ வேண்டும். மதுரைக்காரிக்கு இது தெரியாதா என்றால், தெரியும். கொடுக்கிற சந்தோஷத்தில் தோன்றவில்லை.

மேடையில் பொன்னாடை போர்த்துகிற மாதிரி, கழுத்திலிருந்து கால் வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டாள். ஜெரால்ட் கைதட்டக்கூட ஆரம்பித்தான். வாசலில் நின்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் வாயில் கைவைத்தார்கள்.

அப்போதுதான் ராமக்காள் பாய்ந்து வந்தாள்.

"உசுரோட இருக்க மனுசனுக்குக் கோடி போத்தவா வந்தீக? எந்திரிச்சுப் போங்க."

பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தது என்று மலைச்சாமி ஈனக்குரலில் என்னவோ சொன்னார். அவள் காதிலேயே வாங்கவில்லை. வாசலில் கிடந்த சால்வை மேல், வந்தவர்கள் கண் முன்னாலேயே ஒரு குடம் தண்ணீரையும் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அத்தனை நாள் உழைப்பும் புழுதியில் ஊறிக் கிடந்தது.

திரும்புகிற வழியெல்லாம் ஜெரால்ட் பொரிந்து தள்ளினான். நன்றி கெட்ட சனம் என்றான், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்றான். ஆஷ்லின் விளாங்குடியில் வீடு வந்து சேர்ந்தாள். பட்ட அவமானத்தைவிட அவளை அரித்தது வேறொன்று. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் முழங்கால் போட்டு ஜெபித்தாள்.

அந்த மாதம் முடிவதற்குள் மலைச்சாமி போய்ச் சேர்ந்தார்.

சாவுக்குப் போக அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஊசியையும் நூலையும் பரணில் தூக்கிப் போட்டாள். எழுமலைப் பக்கமிருந்து யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று தினமும் செத்துப் பிழைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின், கணவரிடம் இருந்த ஆபீஸ் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுக்க ராமக்காள் வந்தாள். வாசலில் அவள் தலையைப் பார்த்ததுமே ஆஷ்லின் எழுந்து ஓடினாள். ரெக்கார்டு ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டாள். சாவியைக் கொடுத்த ராமக்காள், விசாரித்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கக்கா" என்று ஆஷ்லின் அழுதேவிட்டாள்.

"அழுகாத தாயி. அன்னைக்குப் பொழுதுசாய, ஆளுக போனதும் அதை எடுத்து அலசி, மஞ்சத் தண்ணியில முக்கிக் காயப்போட்டேன். போற வரைக்கும் அவரு மேலதான் கெடந்துச்சு. நடுக்கம் இல்லாமத் தூங்குனாரு."

ஆஷ்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் ஏங்க்கா அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அப்படித் தூக்கி எறிஞ்சீங்க?"

ராமக்காள் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இனிமே பொழைக்க மாட்டாருன்னு நீங்க வர்றதுக்கு முந்தின நாளே டாக்டரு கையை விரிச்சிட்டாரு தாயி. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் அதை எறிஞ்சு தண்ணி ஊத்தாம விட்டிருந்தா, நீ கோடி போத்துனதாலதான் அவரு போனாருன்னு ஊரு காலத்துக்கும் உன்னையில்ல சொல்லியிருக்கும்?"