ஒன்பதாவது ஓகே

மாமாவிடம் இருந்த ‘ஓகே’க்கள் ஒன்பதா, பதினொன்றா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. அத்தை ஒருமுறை விரல் விட்டு எண்ணி ஒன்பது என்று சொன்னதாக ஞாபகம். என் கணவர் பதினொன்று என்கிறார். ஆஸ்பத்திரி அறையில் அன்று காலை மாமா சொன்னது கடைசி வகை என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

“அப்பா, காலை எடுத்துடலாமா?” என்று கேட்டார் என் கணவர்.

“ஓகே” என்றார் மாமா, தெளிவாக.

டாக்டர் படிவத்தில் பேனாவை வைத்தார். கட்டிலுக்கு எதிரே நின்றிருந்த அத்தை குறுக்கே கையை நீட்டினார். “அவசரப்படாதீங்க. வேணாம்னு சொல்றார்.”

இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து மாமா விழுந்தார். எழுந்தபோது அவரிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். வால்வுத் தொழிற்சாலையில், கடைசிப் பரிசோதனை மேஜையில், முப்பது வருடம் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து ‘ஓகே’ சொன்னவர். மற்றதெல்லாம் போனபோது அது மட்டும் போக மறுத்துவிட்டது.

தண்ணீர் வேண்டும், ஜன்னலைச் சாத்து, வந்தவர் கிளம்பினால் தேவலை, எல்லாமே ஓகேதான். மாதம் ஒருமுறை போய் வரும் எங்களுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும். அத்தைதான் பிரித்துச் சொல்வார். ஒருநாள் நான் கொடுத்த சூப்பைக் குடித்துவிட்டு மாமா “ஓகே” என்றார். நான் பூரித்துப்போனேன். “உப்பு போட மறந்துட்டியாம்” என்றார் அத்தை. ருசித்துப் பார்த்தேன். மறந்துதான் போயிருந்தேன்.

“அம்மாவுக்குப் பாம்புக் காது” என்பார் என் கணவர். இருபத்தாறு வருடம் தறிக்கூடத்து இரைச்சலில் நின்று வேலை பார்த்தவருக்கு அப்படி ஒரு காது வாய்த்ததில் அவருக்குப் பெருமை.

டாக்டர் மாஸ்க்குக்குள்ளிருந்து ஏதோ விளக்க ஆரம்பித்தார்.

“முதல்ல அதைக் கழட்டுங்க. உயிர் போற விஷயத்தை மூஞ்சியை மூடிக்கிட்டா பேசுவாங்க?” என்றார் அத்தை.

டாக்டர் கழற்றிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். “பாதம் கறுத்துப்போச்சும்மா. எடுக்கலைன்னா விஷம் மேல ஏறும், சில வாரம்தான். எடுத்தா பிழைக்க வாய்ப்பு இருக்கு. அவர் விருப்பம் என்னன்னு மதியத்துக்குள்ள சொல்லிடுங்க.”

அவர் போனதும் என் கணவர் கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார். மூன்று பதில்களையும் போனில் பதிவு செய்துகொண்டார். பிறகு நாங்கள் இருவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டோம்.

“இதுல வேணாம் எங்கே இருக்கு?”

“எனக்குத் தெரியலைங்க.”

“எனக்கும் தெரியலையே. பெத்த புள்ளைக்கே புரியலை பாரு.”

சக்கர நாற்காலி ஒன்று எங்களைத் தாண்டிப் போய், திரும்பி வந்தது.

உள்ளே போனோம். என் கணவர் அத்தைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தார். “அம்மா, உன்னை நம்பித்தான் சொல்லப்போறேன். நிஜமாவே வேணாம்ங்கிறாரா?”

அத்தை மாமாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். “ஏங்க?”

“ஓகே.”

அத்தையின் கண் நிறைந்தது. “வேணாமாம். வந்தபடியே முழுசாப் போறேங்கிறார்.”

என் கணவர் மறுப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை.

மாமா பத்தொன்பது நாள் இருந்தார். தொழிற்சாலையிலிருந்து மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டர் வேறு ஊருக்கு மாறிப்போனார். நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அத்தையை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். என் கணவர் அந்த மூன்று ஓகேக்களையும் போனிலிருந்து அழிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் போனை அவர் கையில் கொடுத்துப் பதிவைப் போட்டார். அறை முழுக்க மாமாவின் குரல். ஓகே. ஓகே. ஓகே.

அத்தை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னடா, படமே வரலை?”

“படம் இல்லைம்மா. குரல்தான். அப்பா குரல். கேக்கலையா?”

அத்தை மகனுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவர் விழுந்த வருஷமே எனக்கு ரெண்டு காதும் போயிடுச்சேடா. அப்பாவுக்குத் தெரியுமே, உன்கிட்ட சொல்லலையா?”