வெள்ளைப் புள்ளி

மும்பையின் மித்தி ஆறு கடலில் கலக்கும் இடத்தின் சாட்டிலைட் படங்களைச் செம்பூர் ஆபீசிலிருந்து சரிபார்ப்பது மகேஷ்குமாரின் வேலை. ஐந்து நாளைக்கு ஒரு படம் வரும். ஒவ்வொன்றிலும் கரையோரம் ஒரு வெள்ளைப் புள்ளி. ஏதோ கோளாறு என்று அழித்துவிடுவான்.

இன்று வந்த படத்தில் புள்ளி இல்லை.

"அப்பாடா, ஒழிஞ்சுது சனியன்!"

போன் அடித்தது. தாராவியில் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு மாரிசெல்வி.

"மகேசு, உங்கம்மா ரெண்டு நாளா காய்ச்சல்ல கெடந்தாவ... இப்பதான் போயிட்டாவ."

பொங்கலுக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் போகவே இல்லை.

"அஞ்சு நாளைக்கொருக்க மேல இருந்து ஆத்தப் பாக்கேன்னு சொன்னியாம்லா? ஒன் கண்ணுல படணும்னு நாலஞ்சு வெள்ளத் தார்ப்பாய ஒண்ணாத் தச்சு, அந்தந்த நாள்ல கரையில விரிச்சிட்டு உக்காந்திருப்பாவ. 'எம்புள்ள என்னையப் பாத்துக்கிட்டிருக்கான்'னு சொல்லுவாவ."