பஞ்சுத் திண்டு

பருத்த பெண்களுக்காகவே பிறந்த பத்திரிகையின் கடைசி இதழுக்கு, நியூயார்க் ஸ்டுடியோவில் அட்டைப்படம் எடுக்கிறார்கள். முதல் அட்டையை அலங்கரித்த யோலாண்டா, இன்றும் தனக்குத்தான் அழைப்பென்று நம்பி ஒப்பனையோடு காத்திருக்கிறாள். வெள்ளை வெளிச்சத்தில் நிற்பவளோ ஒரு கொடியிடைக்காரி. அகன்ற கவுனை நிரப்ப அவள் இடுப்பில் பஞ்சுத் திண்டுகளைக் கட்டுகிறார்கள். பத்திரிகைக்குப் பருத்தவளின் சந்தா இனிக்கிறது, அவள் முகம் கசக்கிறது! "விளம்பரக்காரங்க ஒல்லி மூஞ்சிதான் கேக்கறாங்க, கண்ணு," என்று யோலாண்டாவிடம் குழைகிறாள் பத்திரிகை ஆசிரியை பாம். "அப்போ என்னை எதுக்குடி வரச் சொன்ன?" "திண்டு சரியா உக்காரல. உன் இடுப்பை அளந்து தைக்கலாம்னுதான்…" நீண்டுவரும் அளவு நாடாவைப் பிடுங்கி, யோலாண்டா அதை ஆசிரியையின் கழுத்தில் மாலையாகப் போடுகிறாள். "உன் பத்திரிகை மானத்தை அளந்து பாரு. ஒரு அங்குலம் தேறாது." வெளிச்சத்தின் நடுவே ஒரு திண்டு நழுவி விழுகிறது, கவுன் தொளதொளவென்று சரிகிறது.